திருப்பிக் கேட்ட வெற்றிலை

எங்கள் ஊரில் வட்டிக்குப் பணம் கொடுத்தவரும் கல்யாணம் நடத்தி வைத்தவரும் ஒரே ஆள்தான். வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். அப்படிச் சிரித்தவர்கள் யாரும் அவரிடம் கடன் வாங்கியதில்லை, அவ்வளவுதான்.

அந்தக் காலத்தில் எங்கள் ஜனங்களின் கல்யாணத்தைப் புரோகிதர் நடத்துவதில்லை. அருமைக்காரர் என்று ஒருவர் நடத்துவார். அவரும் எங்களைப் போல் விவசாயிதான். மனைவி உயிரோடு இருக்க வேண்டும், பிள்ளை பெற்றவராக இருக்க வேண்டும், சீர் என்று நாங்கள் சொல்கிற அதற்கான சடங்கை முறைப்படி முடித்தவராக இருக்க வேண்டும். மணப்பெண்ணின் தலையில் அருகம்புல்லும் அரிசியும் வைத்து அவர் வாழ்த்திய பிறகுதான் ஊர் அதைக் கல்யாணம் என்று ஒத்துக்கொள்ளும். எங்கள் அருமைக்காரருக்கு வற்றாத கிணறு, நல்ல தோட்டம், கையில் எப்போதும் ரொக்கம். ஆகவே கடனும் அவரிடம்தான், கல்யாணமும் அவரிடம்தான். நல்லவரா கெட்டவரா என்று கேட்காதீர்கள். நல்ல அருமைக்காரர், கெட்டியான வட்டிக்காரர். இரண்டையும் ஒருவர் நன்றாகச் செய்ய முடியும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இரண்டும் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க எங்கள் நாலைந்து ஊர்களுக்குள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். கல்யாண வீட்டார் தட்டத்தில் வெற்றிலை பாக்கு வைத்து அருமைக்காரரை அழைப்பார்கள். அதை அவர் எடுத்துக்கொண்டால், கல்யாணம் முடிகிற வரைக்கும் அந்த வீட்டோடு கொடுக்கல் வாங்கல் பேசக் கூடாது. கேட்கவும் கூடாது, பிறரிடம் சொல்லவும் கூடாது. வாழ்த்தப் போகிற வாயால் பாக்கி கேட்கக் கூடாது என்பது எண்ணம். இதனாலேயே சில பேர் கல்யாணத்துக்கு நாலு மாதம் முன்னாலேயே வெற்றிலை வைத்துவிட்டு நிம்மதியாகத் திரிந்ததும் உண்டு.

சிங்காநல்லூர்க் குளத்துக்குக் கிழக்கே, மாட்டு வண்டியில் காலையில் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் வந்துவிடுகிற ஊர் எங்களுடையது. மேல்காற்று அடித்தால் பீளமேட்டு மில் சங்கு லேசாகக் கேட்கும். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அருமைக்காரரிடம் கடன் வாங்கி அய்யன் கிணற்றை ஆழப்படுத்தினார். எங்கள் பக்கத்தில் அப்பாவை அய்யன் என்போம். பாறைக்கு வெடி வைத்து, ஆள் விட்டு, மறுபடியும் வெடி வைத்து, கடைசியில் தண்ணீர் வந்தது. தண்ணீர் வந்த கையோடு பருத்தி விலை போனது. அப்புறம் நிலக்கடலை விலை போனது, அப்புறம் எல்லாம் போனது. உலகம் முழுக்கவே அப்படி என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். அப்போது அய்யனுக்கு மட்டும் யாரோ செய்வினை வைத்துவிட்டதாக வீட்டில் பேச்சு.

விலை விழுந்ததே தவிர வட்டி விழவில்லை. வாங்கிய பணத்தைவிட வட்டி பெரிதாகி, வட்டிக்கும் வட்டி சேர்ந்து, அருமைக்காரர் கோர்ட்டுக்குப் போய்த் தன் பக்கம் தீர்ப்பு, அதாவது டிக்ரி, வாங்கிவிட்டார். தோட்டத்தை ஏலத்துக்குக் கொண்டுவருவதுதான் பாக்கி. அந்தத் தோட்டமும் கிணறும் போனால் எங்களுக்கு என்ன மிஞ்சும் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. அய்யனும் அம்மாவும் நானும் மில் வாசலில் போய் நிற்க வேண்டியதுதான்.

அந்தச் சமயத்தில்தான் சர்க்கார் கடன் சமரசப் போர்டு என்று ஒன்றைக் கொண்டுவந்திருந்தது. பின்னால் வட்டியையே வெட்டி எறிந்த பெரிய சட்டம் ஒன்று வந்ததே, அது வேறு. இது அதற்கு முந்தியது, உட்கார்ந்து பேசச் சொன்ன சட்டம். கடன்பட்ட விவசாயி மனுப் போடலாம். போர்டு கடன் கொடுத்தவரை வரச் சொல்லும். இருவரையும் வைத்துப் பேசி, இவ்வளவு, இத்தனை தவணை என்று முடித்துவைக்கும். அதுவரைக்கும் ஏலம் நிற்கும். அய்யன் யாருக்கும் சொல்லாமல் கோயமுத்தூருக்குப் போய், மனு எழுதுகிறவரைப் பிடித்து, மனுவைக் கொடுத்துவிட்டு வந்தார். சர்க்கார் காரியம் எப்படியும் ஒரு வருஷம் ஆகும் என்று அவர் கணக்கு.

இதற்கிடையில் எனக்கு மாப்பிள்ளை பார்த்து நிச்சயமாகியிருந்தது. அவர்களுக்குப் பல்லடம் ரோட்டில் தோட்டம். மாப்பிள்ளையை நான் ஒரு தடவைதான் பார்த்தேன், அதுவும் தேர்த் திருவிழாக் கடையில், வளையல்காரனுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். நல்ல உயரம். சிரித்தால் கண் சுருங்கும். எனக்குப் பிடித்திருந்தது, பட்டென்று சொல்லிவிடுகிறேன். இந்த வயதில் சொல்வதற்கு என்ன வெட்கம்?

மாப்பிள்ளை வீட்டார் தையிலேயே முகூர்த்தம் வைக்கச் சொன்னார்கள். கார்த்திகையில் அய்யனும் அம்மாவும் தட்டம் எடுத்துக்கொண்டு அருமைக்காரர் வீட்டுக்குப் போனார்கள். டிக்ரி வாங்கினவரையே கல்யாணத்துக்குக் கூப்பிடுவதா என்று உங்களுக்குத் தோன்றும். வேறு யாரைக் கூப்பிடுவது? அவர்தானே எங்கள் அருமைக்காரர். அவரும் மறு பேச்சில்லாமல் வெற்றிலையை எடுத்துக்கொண்டார்.

அந்த வாரமே போர்டு நோட்டீஸ் அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

ஊரே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அருமைக்காரர் வாய் சாதாரண வாய் அல்ல. பக்கத்துக் காட்டுக்காரன் மாடு அவர் வரப்பில் வாய் வைத்தால் அந்த மாட்டின் ஏழு தலைமுறையையும் திட்டித் தீர்ப்பார். அவருக்கு எதிராக ஒருவன் சர்க்காரிடம் மனுப் போட்டிருக்கிறான் என்றால் சும்மா விடுவாரா? ஆனால் விட்டார். ஒரு வார்த்தை வரவில்லை. வழியில் அய்யனைப் பார்த்தபோது, பந்தலுக்குத் தென்னங்கீற்று எங்கே சொல்லியிருக்கிறீர்கள் என்று விசாரித்தாராம். அய்யன் வீட்டுக்கு வந்து தண்ணீர் கேட்டுக் குடித்தார்.

விஷயம் என்னவென்று மார்கழியில்தான் எங்களுக்குப் புரிந்தது. மனு எழுதினவரைப் பார்த்துவிட்டு வந்த அய்யனின் முகம் அன்று சின்னப் பையன் முகமாக இருந்தது.

"அம்மணி, சங்கதி தெரியுமா?" என்றார் அம்மாவிடம். "கெடுவுக்குள்ள அவரு போர்டுக்குப் போயி, எம்பட பாக்கி இத்தனைன்னு எழுதிக் குடுக்கோணும். குடுக்கலைன்னா கடன் தீந்து போச்சுன்னு அர்த்தமாம். சட்டமே அப்பிடித்தானாம்."

"அவரு குடுக்கலீங்களா?"

"எப்பிடிக் குடுப்பாரு? வெத்தல எடுத்துட்டாரல்ல. நம்ம ஊட்டுக் கொடுக்கல் வாங்கலப் பத்தி ஒருத்தருகிட்டயும் வாயத் தொறக்க முடியாதே. கெடு இந்த மாசத்தோட முடியுது. முகூர்த்தம் தையில."

சொல்லிவிட்டு அய்யன் சிரித்தார். பல வருஷத்துக்குப் பிறகு அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்ததை நான் பார்த்தேன். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. தோட்டமும் நிற்கும், கல்யாணமும் நடக்கும். சர்க்காரும் சாமியும் கூடிப் பேசி எங்கள் வீட்டுக்கு ஒரு வழி செய்துவிட்டதாகவே நினைத்தேன்.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. மாட்டுக்குப் பருத்திக்கொட்டை ஆட்டிக்கொண்டிருந்தவள் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து, "அவுங்க ஊட்டம்மாளப் பாத்துட்டு வாரேன்" என்று போனாள். அருமைக்காரர் மனைவியைத்தான் சொன்னாள்.

போய் வந்து அம்மா சொன்னது இது. வீட்டில் பிள்ளைகள் எல்லாம் அவரிடம் சண்டை போட்டுப் பார்த்துவிட்டார்களாம். நீங்கள் பேச வேண்டாம், வக்கீலை அனுப்புவோம் என்றார்களாம். என் வாய் பேசினாலும் என் வக்கீல் வாய் பேசினாலும் பேசினது நான்தான் என்று சொல்லிவிட்டாராம். அவ்வளவு பணமும் போய்விடுமே என்றதற்கு, போகட்டும் என்றாராம். அந்த அம்மாள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறார். ஆனால் எதுவும் கேட்கவில்லை. அந்த அம்மாளும் கணவரோடு ஜோடியாக நின்று வாழ்த்த வேண்டியவர். அவருக்கும் அதே கட்டுதான்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சண்டை. அய்யன் சொன்னதில் தப்பில்லை. நாம் திருடவில்லை, பொய்க் கணக்குச் சொல்லவில்லை, சட்டம் கொடுப்பதை வாங்கிக்கொள்கிறோம், இத்தனை வருஷம் அந்த ஆள் நம் ரத்தத்தை உறிஞ்சினபோது எங்கே போனது இந்த நியாயம் என்று கேட்டார். அம்மா வாதாடுகிற ஆள் அல்ல. "என்ற புள்ள தலையில அவரு கைய வெப்பாரு. நான் பக்கத்துல நிக்கோணும். எனக்கு முடியாதுங்க" என்பதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள். அய்யன் கத்தினால் எழுந்து போய்த் தண்ணீர் சேந்துவாள். வந்து உட்கார்ந்து அதையே சொல்வாள்.

வைத்த வெற்றிலையைத் திருப்பிக் கேட்கலாம் என்று வழக்கத்தில் ஓர் இடம் உண்டு. வீட்டில் இழவு விழுந்தாலோ, மாப்பிள்ளை வீட்டில் பெரிய குறை தெரியவந்தாலோ வெற்றிலை வைத்தவர்கள் போய்க் கேட்கலாம். அருமைக்காரர் தானாகத் திருப்பிக் கொடுக்க முடியாது. கேட்டுவிட்டால் கல்யாணம் நின்றது என்று பொருள். மறுபடியும் புதிதாக நாள் பார்த்து, புதிதாக வைக்க வேண்டும்.

கெடு முடிய இரண்டு மூன்று நாள் இருக்கும்போது அம்மா தட்டத்தைத் துலக்கினாள். வெறும் தட்டத்தை. அதை மறைக்கக்கூட இல்லை. பட்டப்பகலில், ஊர் பார்க்க, இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். அவளைத் தடுக்கத்தான் ஓடினேன். பாதி வழியில் என்ன சொல்லித் தடுப்பது என்று தெரியவில்லை, அதற்குள் அவர் வீட்டு வாசல் வந்துவிட்டது.

அருமைக்காரர் வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து ஏர்க்கயிறு திரித்துக்கொண்டிருந்தார். வெறும் தட்டத்தைப் பார்த்ததும் கயிறு நின்றது.

"ஆருக்கு என்ன ஆச்சு அம்மணி?"

"ஒருத்தருக்கும் ஒண்ணுமில்லீங்க மாமா. நாங்க வெச்ச வெத்தலையத் திருப்பிக் குடுங்க."

"மாப்பிள்ளை ஊட்டுல எதாச்சும் கொறையா?"

"இல்லீங்க."

"எங்கிட்டக் கொறை கண்டீங்களா?"

"இல்லீங்க மாமா. நீங்க போர்டுக்குப் போங்க. உங்க பாக்கியச் சொல்லுங்க. எங்கூட்டுக்காரரும் சொல்றதச் சொல்லட்டும். அது முடிஞ்சாப் பொறகு கல்யாணத்தப் பாத்துக்கலாமுங்க."

அவர் முகம் சிவந்துவிட்டது. நன்றி சொல்வார் என்று நீங்கள் எதிர்பார்த்தால் உங்களுக்கு எங்கள் ஊர் ஆட்களைத் தெரியாது. "எனக்குப் பிச்சை போடறீங்களா?" என்றார். "போர்டுல சண்டை போட்டுப்போட்டு, அதுக்கப்பறம் நீங்க கூப்புட்டா நான் வரோணுமா? வரமாட்டேன்னா என்ன பண்ணுவீங்க?"

"வராட்டிப் போங்க. வெளியூர்ல ஆரையாச்சும் கேட்டுக்கறோம்."

அவர் எழுந்து உள்ளே போனார். வெகு நேரம் வரவில்லை. காய்ந்து போன வெற்றிலையையும் பாக்கையும் மனைவி கையில் கொடுத்தனுப்பினார். அம்மா அதைத் தட்டத்தில் வாங்கிக்கொண்டு, வந்த வழியே திரும்பினாள். வழியில் நான் அழுதேன். அழாதே என்று அவள் சொல்லவில்லை.

மாப்பிள்ளை வீட்டுக்குச் சேதி போவதற்கு எங்கள் ஆள் தேவைப்படவில்லை. ஊரே கொண்டுபோய்ச் சேர்த்தது. மார்கழி மாதத்தில் வெற்றிலையைத் திருப்பி வாங்கின வீடு, என்ன குறையோ ஏதோ என்று அவர்கள் பயந்தார்கள். அய்யன் போய்ப் பேசிப் பார்த்தார். தையில் முடியாவிட்டால் எங்களுக்கு வேறு இடம் இருக்கிறது என்று மரியாதையாகவே சொல்லி அனுப்பினார்கள். அது தையிலேயே முடிந்தும் போனது, வேறு பெண்ணோடு. அம்மாவோடு நான் பங்குனி வரைக்கும் சரியாகப் பேசவில்லை. எனக்கு நியாயமான கோபம் அது. இன்றைக்கும் அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அருமைக்காரர் கெடுவின் கடைசி நாளில் கோயமுத்தூருக்கு வண்டி கட்டிப் போய்த் தன் பாக்கியை எழுதிக் கொடுத்துவிட்டார். அணா பைசா விடாமல், வட்டிக்கு வட்டி சேர்த்து. அவருக்குக் கட்டு அவிழ்ந்துவிட்டதல்லவா? திரும்பி வரும்போது எங்கள் வீட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்தச் சொல்லி, அத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் அய்யனைப் பார்த்துத் திட்டிவிட்டுத்தான் போனார். அய்யனும் சளைக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்த அம்மாவின் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. எனக்கு அதைப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது.

போர்டு உட்கார்ந்தது தாலுகா கச்சேரிக்குப் பின்னால் ஒரு ஓட்டுக் கட்டிடத்தில். அய்யன் வாயை நம்ப முடியாது என்று அம்மாவும் வந்தாள். வீட்டில் விட்டுவிட்டுப் போனால் ஊர் வாய்க்கு நான் ஆளாவேன் என்று என்னையும் இழுத்துக்கொண்டு வந்தாள். தலைவர் ரிட்டையரான அதிகாரி. ஒல்லியான மனிதர், வயிற்றுக்கோளாறோ என்னவோ, பக்கத்தில் ஒரு சொம்பு வெந்நீர் வைத்துக்கொண்டு மடக்கு மடக்காகக் குடித்துக்கொண்டிருப்பார். அவரைப் போன்ற ஒருவரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அவர் செய்த முதல் காரியம் இருவரையும் ஒரே பெஞ்சில் உட்காரச் சொன்னதுதான். அய்யன் அருமைக்காரருக்கு முன்னால் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. கடன்காரன் நிற்பான், கொடுத்தவர் உட்கார்ந்திருப்பார், அதுதான் முறை. அய்யன் தயங்கித் தயங்கி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். சட்டம் என்றால் காகிதம் என்றுதான் நினைத்திருந்தேன். அது என் அய்யனை உட்கார வைக்கும் என்று நினைக்கவில்லை.

"வட்டியில் என்ன விட்டுத் தருவீர்கள்?" என்று தலைவர் அருமைக்காரரைக் கேட்டார்.

"ஒத்தச் சல்லி உடமாட்டனுங்க."

"உங்களால் என்ன கட்ட முடியும்?" என்று அய்யனைக் கேட்டார்.

"ஒத்தச் சல்லி முடியாதுங்க."

"ரொம்ப சரி. சாப்பிட்டுவிட்டு வாருங்கள்" என்றார்.

முதல் நாள் அவ்வளவுதான். அடுத்த வாய்தாவிலும் ஏறக்குறைய அதே. ஆனால் இரண்டாவது தடவை அருமைக்காரரிடம் ஒன்று கேட்டார். மனு வந்து இத்தனை நாள் கழித்து, கடைசி நாளில் ஏன் வந்தீர்கள் என்றார். அருமைக்காரர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாதான் மூலையிலிருந்து எழுந்து சொன்னாள், வெற்றிலை வைத்ததையும் திருப்பிக் கேட்டதையும். தலைவர் சொம்பைக் கீழே வைத்தார்.

"அம்மா, அவர் வராமல் இருந்திருந்தால் உங்கள் கடன் முழுக்கத் தீர்ந்திருக்கும். தெரியுமா?"

"தெரியுமுங்க. அதுக்கோசரந்தானுங்க."

அவர் அம்மாவை உட்காரச் சொல்லி ஒரு நாற்காலியை எடுத்துவரச் சொன்னார். அவள் தரையிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

அருமைக்காரர் இதனால் இளகிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். எங்கள் வீட்டு உபகாரம் சபையில் அம்பலமானதில் அவருக்கு இன்னும் கோபம். முன்னைவிட விறைப்பாக உட்கார்ந்துகொண்டு, டிக்ரி டிக்ரிதான் என்றார்.

மூன்றாவது தடவைதான் தலைவர் தன் வழியில் ஆரம்பித்தார். கடன் எவ்வளவு என்ற பேச்சையே அவர் எடுக்கவில்லை. தோட்டம் எவ்வளவு, மாடு கட்டி இறைத்தால் கிணறு எத்தனை நேரம் தாங்கும், என்ன போடுகிறீர்கள், என்ன வருகிறது என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். அப்புறம் அதிலிருந்து ஒவ்வொன்றாகக் கழித்தார். வீட்டுக்குச் சோளம், ராகி. விதை. மாட்டுத் தீனி. ஆளுக்காரன் கூலி. நிலத் தீர்வை. துணி. நோய் நொடி. இவ்வளவும் போக மிஞ்சுவது எதுவோ அதிலிருந்துதான் கடன் கட்ட முடியும், மிஞ்சாத பணத்தைக் கேட்டு யாருக்கு என்ன பிரயோசனம் என்பது அவர் கட்சி. ஒரு குடியானவன் உயிரோடு இருக்க என்ன வேண்டும் என்று ஒரு சர்க்கார் அறையில் ஒருவர் பொறுமையாகக் கேட்டு எழுதினதை நான் பார்த்தேன். அன்றைக்கு எனக்கு அவர் மேல் வந்த மரியாதை இன்றுவரை குறையவில்லை.

எழுதி முடித்து, மிச்சத்தைச் சொன்னார். வருஷத்துக்கு இவ்வளவு கட்டலாம் என்றார். அய்யன் தலையாட்டப் போனார்.

"இருங்க" என்றார் அருமைக்காரர்.

அதுவும் போதாது என்று சொல்லப் போகிறார் என்று எல்லாரும் நினைத்தோம். தலைவரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், சொம்பை எடுத்துக்கொண்டார்.

"ஒண்ண உட்டுப்போட்டீங்க. கல்யாணச் செலவு எங்கீங்க?"

"கல்யாணம் நின்றுவிட்டது என்று சொன்னார்களே?"

"நின்னா? அந்தப் புள்ள அப்பிடியே இருக்குமா? அதுக்குக் கல்யாணம் ஆகோணுமல்லங்க." என்னைக் கையால் காட்டினார். என்னைப் பார்க்கவில்லை. "பொண்ணூட்டுல என்னென்ன செலவு வரும்னு உங்களுக்குத் தெரியாது. நான் சொல்றேன், எழுதிக்குங்க. எத்தனை கல்யாணம் நடத்திருக்கறேன்."

அவரே சொன்னார். பந்தல், விருந்து, சீர் சாமான், கூறைச் சேலை, மாமன் மச்சானுக்குச் செய்முறை, ஊர் வேலை செய்கிற குடி படைகளுக்குக் கொடுக்க வேண்டியது, எதையும் விடவில்லை. தலைவர் ஒரு தடவை இதெல்லாம் குறைத்துச் செய்யக் கூடாதா என்றபோது, "குறைச்சா நாளைக்கு அந்தப் புள்ளையத்தானுங்க பேசுவாங்க" என்று அதட்டினார். ஒவ்வொன்று சொல்லும்போதும் அவருக்கு வர வேண்டிய பணம் குறைந்துகொண்டே போனது. அது அவருக்குத் தெரியாமல் இல்லை. வட்டிக்காரர் அல்லவா, எங்களைவிட வேகமாகக் கணக்குப் போட்டிருப்பார். ஆனால் கல்யாணச் செலவை ஒருவர் தப்பாகச் சொல்லும்போது வாயை மூடிக்கொண்டிருக்க அவரால் முடியவில்லை.

அந்தக் கணக்கோடு மிஞ்சினது கொஞ்சம்தான். அதற்குத் தகுந்த மாதிரி வட்டியில் பெரும்பகுதி போய், அசலும் கொஞ்சம் வட்டியும் வருஷத் தவணையாக நின்றது. வெள்ளாமை எடுத்த பிறகு கட்டினால் போதும். தோட்டத்தை யாரும் தொட முடியாது. அருமைக்காரர் திட்டிக்கொண்டேதான் கையெழுத்துப் போட்டார். சர்க்காரைத் திட்டினார், போர்டைத் திட்டினார், பருத்தி விலையைத் திட்டினார். அய்யன் பெஞ்சை விட்டு எழுந்து அவருக்குக் கும்பிடு போட்டார். அம்மா தலைவருக்குப் போட்டாள்.

அடுத்த வருஷம் எனக்குக் கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து மாப்பிள்ளை வந்தது. வாய்க்கால் பாசனம், நெல்லும் வாழையும். என் வீட்டுக்காரர் தங்கமான மனிதர், குறை சொல்ல ஒன்றுமில்லை. உயரம் மட்டும் கொஞ்சம் கட்டை. கல்யாணத்தை நடத்தி வைக்க வெளியூர் ஆளை யாரும் தேடவில்லை. அம்மா அதே வீட்டுக்குத் தட்டம் கொண்டுபோனாள். அருமைக்காரர் வெற்றிலையை எடுத்துக்கொண்டார். தவணை கட்ட வேண்டிய மாதம் அது. அவர் வாயைத் திறக்கவில்லை.

கல்யாணத்தன்று அவரும் மனைவியும் என் தலையில் அருகம்புல்லும் அரிசியும் வைத்து வாழ்த்தினார்கள். அம்மா பக்கத்தில்தான் நின்றாள். முகூர்த்தம் முடிந்து, விருந்து முடிந்து, கடைசிச் சீரும் ஆனது. அருமைக்காரர் கையைக் கழுவித் துண்டில் துடைத்துக்கொண்டு நேராக அய்யனிடம் வந்தார்.

"தவணை என்னாச்சுங்க?"

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அய்யன் மடியை அவிழ்த்துக் கொடுத்தார். அவர் அங்கேயே பந்தலில் நின்று எண்ணிப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

பொழுது சாய்வதற்குள் வண்டி கிளம்ப வேண்டும். அம்மா என்னைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய்த் தலையைச் சரி செய்வது போல் பூவைத் தொட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வருஷத்துக்கு மேல் நான் மனதில் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"தட்டத்தத் தூக்கிட்டுப் போறதுக்கு முன்ன எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்லைங்கம்மா? எம்பட கல்யாணந்தானே அது."

"கேட்டிருந்தா வேண்டாம்னிருப்பே, கண்ணு" என்றாள் அம்மா. "அப்பறம் என்னால போயிருக்க முடியாது."

உண்மைதான். வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.